பேரொளி மனமகிழ் மன்றத்தில் உராய்வு

நடந்தது எந்த வருடம் என்பதில் சந்தேகம் இருக்கிறது. செல்போன் வைத்திருந்தவர்கள் அது சட்டைப்பையிலிருந்து வெளியே தெரியும்படி வைத்திருந்த காலம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. பாட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. மூன்று நிமிடம் என்பான் ஊர்க்காவலன். அவன் டிரம்ஸ் அடித்தவன், அவன் கணக்கை நம்ப முடியாது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் குடித்திருந்தார்கள். மீதிப் பேர் மேடையில் இருந்தார்கள். ஆகவே இதில் தவறுகள் இருக்கலாம். பொன்னாடை விஷயம் மட்டும் உண்மை. அது இன்னும் இருக்கிறது.

பேரொளி மனமகிழ் மன்றம் சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற சாலையில் இருந்தது. அதன் உறுப்பினர்கள் பகலில் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் அச்சகங்களுக்கும் முதலாளிகள். விளக்கு வைத்த பிறகு மனம் மகிழ்பவர்கள். மன்றத்தில் ஒரு கேரம் போர்டு இருந்தது. அதை மூடிவைத்து அதன்மேல் சோடா பாட்டில்களை அடுக்கியிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் பார்.

பிரபாகரன் அந்தப் பாரில் சப்ளையர். அதற்கு முன்பு அவனும் அவன் அக்கா பானுப்பிரியாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஒரு ஆடி மாதம் அவள் இருந்த ரூம் வெடித்தது. அவன் அன்றைக்கு லோடு ஏற்றப் போயிருந்தான். அதற்குப் பிறகு அம்மா முருகம்மாள் அவனைக் கம்பெனி வாசலுக்கே விடவில்லை. கிளாஸ் கழுவினாலும் பரவாயில்லை, கிளாஸ் வெடிக்காது என்றாள்.

கம்பெனியின் முதலாளி சீனிவாசகம்தான் மன்றத்தின் தலைவர். இது பிரபாகரனுக்குத் தெரியும். பிரபாகரன் யார் என்பது சீனிவாசகத்துக்குத் தெரியாது. முட்டை ஆம்லெட் கொண்டுவருகிறவன் என்ற அளவில் தெரியும்.

மன்றத்தின் ஆண்டுக்கூட்டம் வந்தது. செயலாளர் லட்சுமிகாந்தம் ஆண்டறிக்கையை வாசித்தார். தண்ணீர்த் தொட்டி கட்டியது, மின்விசிறி மாற்றியது எல்லாம் சொல்லிவிட்டு அதே குரலில் அடுத்த வரியைச் சொன்னார்: "நம் உறுப்பினர் ஒருவரின் ஆலையில் உராய்வு காரணமாகப் பணியாளர் ஒருவர் குறைந்தார்." கைதட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குத் தட்ட ஆரம்பித்தது இன்னும் முடியாமல் இருந்தது.

பிரபாகரன் வறுத்த கடலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியவில்லை. யாரோ தட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

பிரபாகரனின் பாட்டுக் குழு அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்கியது. அவன் சிநேகிதன் சாபிர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டினான். சென்னையிலிருந்து சி.டி. அட்டை அச்சடிக்க வந்த ஒரு கஸ்டமர் சில சி.டி.களை விட்டுப் போயிருந்தார். பங்க் என்று போட்டிருந்தது; பெட்ரோல் பங்க் இல்லை, ஒரு வகை வெளிநாட்டுப் பாட்டு. கேட்டால் பாடுகிறவர்களுக்குப் பாட்டும் வரவில்லை, வாசிக்கிறவர்களுக்கு வாசிப்பும் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு யார் மீது கோபம் என்பது மட்டும் மொழி தெரியாமலே தெரிந்தது. மூன்று சுரம் போதும் என்று சாபிர் கண்டுபிடித்தான். ஊர்க்காவலன் ஒரு இன்னிசைக் குழு கழித்துப்போட்ட டிரம்ஸை வாங்கி வந்தான். மூடிக்கிடந்த தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வாசித்துப் பழகினார்கள். பக்கத்தில் தினமும் வெடி சோதித்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. குழுவுக்கு உராய்வு என்று பெயர் வைத்தார்கள்.

இருந்தது ஒரே பாட்டு. அதை ஒரே இடத்தில்தான் பாட வேண்டும் என்று பிரபாகரன் சொல்லியிருந்தான். அந்த இடம் அவன் தினமும் துடைக்கிற மேசைகளுக்கு எதிரே இருந்த மன்ற மேடை.

வாய்ப்பு பெங்களூரிலிருந்து வந்தது. லட்சுமிகாந்தம் அங்கே படிக்கிற மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

"எம் மகன் ஒரு பாருக்குக் கூட்டிட்டுப் போனான், அண்ணாச்சி. அங்கன நாலு பயலுக மேடையில நின்னு கத்துறானுக. கூட்டம் அம்முது. நம்ம வெள்ளி விழாவுக்கு அப்படி ஒண்ணு வச்சா என்ன?"

"கச்சேரிதானே?" என்றார் சீனிவாசகம்.

"கச்சேரியில உக்காந்து பாடுவாக. இதுல நிக்கிறானுக."

"நின்னா செலவு கம்மியாத்தான் இருக்கும்."

பிரபாகரன் ஆம்லெட்டை வைத்தான். "அண்ணாச்சி, எங்ககிட்ட அப்படி ஒரு குழு இருக்கு."

இரண்டு பேரும் ஆம்லெட்டே பேசியதுபோலப் பார்த்தார்கள்.

"நீயாலே? என்ன பாட்டு பாடுவீக?" என்றார் லட்சுமிகாந்தம்.

"நாங்களே எழுதுனது, அண்ணாச்சி. ஒரு பேரச் சொல்லிப் பாடுறது."

லட்சுமிகாந்தத்தின் முகம் மலர்ந்தது. பெயர் சொல்வதுதான் அவருடைய வாழ்க்கை. மன்ற விழாக்களில் வரவேற்புரை அவருடையது. ஒரு முறை வரவேற்புரையில் ஒரு உறுப்பினரின் பெயர் விடுபட்டுப் போனது. அந்த உறுப்பினர் எழுந்து போய் விருதுநகரில் வேறொரு மன்றம் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து லட்சுமிகாந்தம் தூக்கத்தில்கூட "அவர்களே, அவர்களே" என்று சொல்வதாக அவர் வீட்டில் சொன்னார்கள். மேடையில் ஒரு பெயர் ஒலித்தால் அதற்கு ஒரு அவர்களே, ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. இது மன்றத்தின் சட்டம். மற்ற சட்டங்கள் எழுத்தில் இருந்தன. இது மட்டும் கடைப்பிடிக்கப்பட்டது.

"பேரச் சொல்லிப் பாடுறது நல்ல விசயம்லே" என்றார். "மன்றத்துக்குப் புடிக்கும்."

அன்று வீட்டில் முருகம்மாள் கேட்டாள்: "என்னத்தப் பாடப் போறே?"

"அக்கா பேர."

அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. முருகம்மாள் கொதிக்கிற உலையை இறக்கி வைத்தாள். பிறகு மறுபடி ஏற்றினாள்.

"சத்தமாச் சொல்லு" என்றாள். "வெடி போட்டுப் போட்டு அவுகளுக்குக் காது கேக்காது."

முதலில் குழுவை ஆய்வு செய்ய வேண்டும் என்று மன்றம் முடிவெடுத்தது. புதிதாக எது வந்தாலும் அந்த ஊரில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: இது சத்த அயிட்டமா, பேன்சி அயிட்டமா? வெடித்தால் சத்தம். பூவாகச் சிதறினால் பேன்சி. மூன்றாவது வகை உலகத்தில் கிடையாது.

மன்றத்தின் பின்புறப் பொட்டலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் மூவரும் வாத்தியங்களோடு நின்றார்கள். பட்டாசுக்கு அளப்பதுபோலவே தூரம் அளந்து சத்தமானியை நிறுத்தினார்கள். அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு துணைத்தலைவருக்கு. அவருக்கு இரண்டு காதும் போய்ப் பல வருடம் ஆகியிருந்ததால் பாரபட்சம் இருக்காது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

"பத்த வைங்க" என்றார் சீனிவாசகம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊர்க்காவலன் டிரம்ஸை ஒரு தட்டுத் தட்டினான். உறுப்பினர்கள் பழக்கத்தில் பின்னால் நகர்ந்து காதைப் பொத்தினார்கள். ஆகவே யாரும் எதையும் கேட்கவில்லை. துணைத்தலைவர் முள்ளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வெடி அளவுக்கு இல்ல" என்றார். "ஊசி வெடிக்கும் கீழ."

"அப்ப பேன்சியில சேத்துக்கலாம்" என்றார் சீனிவாசகம். "பேன்சின்னா வெளிச்சம் வரணும். இவனுகள்ட்ட வெளிச்சம் இல்லையே."

டிரம்ஸைச் சுற்றி சீரியல் பல்பு கட்டுவது என்று தீர்மானமானது.

பிறகு பாதுகாப்பு. மேடையும் வெடிமருந்து ரூம் மாதிரிதான் என்று ஒரு உறுப்பினர் எழுந்து விளக்கினார். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் கூடாது, போர்மேன் ஒருவர் இருக்க வேண்டும். குழுவில் மூன்று பேர். நாலாவதாக சீனிவாசகத்தின் கம்பெனி போர்மேன் ஆண்டிச்சாமி தீயணைக்கும் மண் வாளியோடு மேடை ஓரத்தில் உட்காருவார். அப்படியானால் மேடையில் பதினேழு பிரமுகர்கள் உட்காரப் போகிறார்களே என்று சாபிர் கேட்டான்.

"அது வேலை பாக்குறவுகளுக்கு உள்ள சட்டம் தம்பி" என்றார் அந்த உறுப்பினர் பொறுமையாக. "அவுக சும்மாதானே உக்காந்திருப்பாக."

பானுப்பிரியாவின் ரூமில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பிரபாகரனுக்குத் தெரியும். போர்மேன் ஆண்டிச்சாமிக்கும் தெரியும். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அழைப்பிதழ் சாபிரின் அச்சகத்திலேயே நாலு கலரில் தயாரானது. முப்பது பெயர்கள், முப்பது படங்கள். உராய்வு என்ற சொல்லை மட்டும் லட்சுமிகாந்தம் அடித்துவிட்டார். "அந்த வார்த்தைய நம்ம ஊருல எழவு விழுந்தாத்தான் சொல்லுவோம். நல்ல நாளும் அதுவுமா." கடைசி வரியில், மன்றத்தின் தொலைபேசி எண்ணுக்கு மேலே, 'இன்னிசையும் உண்டு' என்று இருந்தது. மெஷின் ஓட்டிய சாபிருக்கே அதைத் தேட வேண்டியிருந்தது.

விழா தீபாவளி முடிந்து கம்பெனிகள் இன்னும் திறக்காத ஒரு சாயங்காலம். மூவரும் கறுப்பு பனியனில் வந்தார்கள். ஊர்க்காவலன் எதையோ தடவித் தலைமயிரைச் சேவல் கொண்டைபோல நிறுத்தியிருந்தான். ஆண்டிச்சாமி வாசலில் மறித்தார். மேடையும் வெடிமருந்து ரூம் என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"இது நைலான். தீப்புடிக்கும். பருத்தி உடுத்தணும்" என்றார். ஊர்க்காவலனின் தலையை முகர்ந்து பார்த்தார். "இது என்ன ஆயில்லே? பைப்புல கழுவிட்டு வா."

"இதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அண்ணே."

"எனக்கு முடியே இல்ல. நான் போர்மேனா இல்லையா?"

செருப்பைக் கழற்றச் சொன்னார். உடம்பில் இருக்கிற மின்சாரம் போவதற்காக வாசலில் வைத்திருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார். கடைசியில் மூவரும் மன்றம் கொடுத்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், படிந்த தலையோடு, வெறுங்காலில் நின்றார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் மூன்று பேர் மிச்சமிருப்பதுபோல இருந்தது.

"எங்க வாப்பா பாத்தா சந்தோசப்படுவாரு" என்றான் சாபிர். காரியாபட்டியில் ஒரு கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஊரே தீயோடு வாழ்கிற ஊர், ஆனால் திரி பற்றவில்லை. நாலு பிரமுகர்கள் முயன்ற பிறகு ஆண்டிச்சாமி வந்து பற்றவைத்தார். அவர் விலகிய பிறகு போட்டோ எடுத்தார்கள். லட்சுமிகாந்தத்தின் வரவேற்புரையில் எல்லாப் பெயர்களும் வந்தன. இறந்துபோன முன்னாள் பொருளாளருக்கு ஒரு நிமிட மௌனம். அவர் தொண்ணூறு வயதில் உறக்கத்தில் இறந்தவர். "இந்த ஆண்டு நம் தொழிலுக்கு ஏற்பட்ட பேரிழப்பு" என்றார்கள். மௌனத்தின்போது பாரில் யாரோ ஐஸ் கேட்டார்.

பிறகு தலைவர் உரை. சீனிவாசகம் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நான் அதிகம் பேசுறவன் இல்லை. சத்தம் போடாமல் வேலை செய்கிறவன். என் கம்பெனியில் வேலை பார்க்கிற எல்லாரும் எனக்குப் பிள்ளைகள் மாதிரி. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பெயர் கேட்டால் அதுவும் தெரியாது. எந்தத் தகப்பனாவது பிள்ளைகளுக்குள் பேதம் பார்ப்பானா? ஒரு பேரைத் தெரிந்துகொண்டால் மற்றவர்கள் மனசு புண்படும். அதனால் நான் யார் பேரையும் தெரிந்துகொள்வதில்லை. முந்தின வருசம் ஒரு சின்ன சம்பவம். அதையும் சத்தமில்லாமல் முடித்து வைத்தோம். அதிகாரிகள் ஒத்துழைத்தார்கள். அவர்களும் இங்கே மேடையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி."

அதிகாரிகள் எழுந்து கும்பிட்டார்கள்.

பதினேழு பேரும் பேசி முடித்தபோது முன்வரிசைகள் பாருக்குப் போயிருந்தன. லட்சுமிகாந்தம் மீந்த பொன்னாடைகளைப் பின்பக்கத்து அறையில் மடித்துக்கொண்டிருந்தார். பிரமுகர்கள் மேடையிலிருந்து இறங்க மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சீரியல் பல்புகளுக்கு நடுவே, குழு நின்றது. ஆண்டிச்சாமி மண் வாளியை மடிக்கு நேராக வைத்துக்கொண்டார்.

பிரபாகரன் வெறுங்காலோடு முன்னால் வந்தான். மைக்கைப் பிடித்தான். ஊர்க்காவலன் அடித்தான். சாபிரின் கிடார் அறுந்துவிடுவதுபோல உறுமியது.

*பணியாளர் ஒருவர், பணியாளர் ஒருவர்*
*பேரு கிடையாதா, ஊரு கிடையாதா*
*பானுப்பிரியா! பானுப்பிரியா!*

அவ்வளவுதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பக் கத்தினான். தொண்டை கிழிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டுக்குள் யாரும் சொல்லாத பெயர் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. கிளாஸ்கள் அதிர்ந்தன. பாரிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பிரமுகர்களின் பின்தலைகள் மட்டும் அசையாமல் இருந்தன. ஆண்டிச்சாமி வாளியிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்பது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

பாட்டு நின்றது. ஒரு நொடி முழு அமைதி. பிரபாகரன் அந்த அமைதிக்காகத்தான் வந்திருந்தான். யாராவது ஒருவர், யார் அது, என்று கேட்பார் என்று காத்திருந்தான்.

பின்பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு லட்சுமிகாந்தம் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு பொன்னாடை. மேடை மைக்கிலிருந்து ஒரு பெயர் அத்தனை முறை ஒலித்திருக்கிறது. அவருடைய வரவேற்புரையில் அது இல்லை. இன்னொரு மன்றம் உருவாவதை அவர் கண் முன்னால் பார்த்தார். பிரபாகரன் கையிலிருந்து மைக்கைப் பறித்தார்.

"மன்னிக்க வேண்டும். வரவேற்புரையில் விடுபட்டுப்போன நமது பெருமதிப்புக்குரிய பானுப்பிரியா அவர்களே! தங்களை வருக வருக என வரவேற்கிறோம். பானுப்பிரியா அவர்களுக்கு நமது தலைவர் பொன்னாடை அணிவிப்பார். பானுப்பிரியா அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. பிரமுகர்கள் எழுந்து நின்றார்கள். பெரிய இடத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், கலெக்டர் ஆபீசாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். சீனிவாசகம் பொன்னாடையை வாங்கி இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் புன்னகைத்தார். போட்டோக்காரர் மண்டி போட்டுத் தயாரானார்.

பிரபாகரனும் வாசலைப் பார்த்தான். அவனை மீறித்தான் பார்த்தான்.

ஒருவரும் வரவில்லை. கைதட்டல் தேய்ந்தது. செம்புத் தகட்டின் மேல் ஒரு ஈசல் சுற்றிக்கொண்டிருந்தது.

"வந்திருக்காகளா, இல்லையா?" என்றார் சீனிவாசகம் பல்லைக் கடித்துக்கொண்டு, புன்னகை கலையாமல்.

"அவுக வர மாட்டாக, மொதலாளி" என்றார் ஆண்டிச்சாமி. உட்கார்ந்தபடியேதான் சொன்னார். "நம்ம கம்பெனிப் பிள்ளை. ரூமோட போச்சே, அந்தப் பிள்ளை. இவன் அந்தப் பிள்ளையோட தம்பி."

சீனிவாசகம் பிரபாகரனைப் பார்த்தார். அவன் முகத்தை முதல் முறையாகப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. அவருடைய கைகள் விரித்த பொன்னாடையோடு அப்படியே நின்றன. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஏனென்றால் லட்சுமிகாந்தத்துக்கு மேடை அனுபவம் அதிகம். விரித்த பொன்னாடையை மடிக்கக் கூடாது. அழைத்த பெயரைத் திரும்பப் பெற முடியாது. இப்படிப்பட்ட நேரத்துக்கு மன்றத்தில் ஒரு வழக்கமும் இருந்தது.

"தவிர்க்க இயலாத காரணத்தால் விழாவுக்கு வர இயலாத பானுப்பிரியா அவர்களின் சார்பில்" என்றார் மைக்கில், "அவர் பணியாற்றிய ஆலையின் அதிபர், நமது தலைவர் அவர்களே இந்தப் பொன்னாடையைப் பெற்றுக்கொள்வார்."

துணைத்தலைவர் பொன்னாடையை வாங்கி சீனிவாசகத்தின் தோளில் போர்த்தினார். மறுபடியும் கைதட்டல். இது முன்னதைவிடப் பலமாக இருந்தது, காத்திருந்த களைப்பு தீர்ந்ததால். போட்டோக்காரர் குழுவையும் நெருங்கி நிற்கச் சொன்னார். பிரபாகரன் மைக்குக்குக் கை நீட்டினான். மைக் அவன் கைக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். அவனும் நின்றான். ஒரு கையில் மைக், பக்கத்தில் அக்காவின் பொன்னாடையைப் போர்த்திய சீனிவாசகம். அசையக் கூடாது, பேசக் கூடாது. அது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தது.

நாட்டுப்பண் முடிந்ததும் பிரியாணிக்கு ஓடினார்கள். மேடையில் நான்கு பேர்தான் மிச்சம். அந்த ஒரு தருணத்தில் மேடை சட்டப்படி இருந்தது.

வீட்டில் முருகம்மாள் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்." தொண்டையில் குரல் இல்லை. "அவுகளும் சொன்னாக."

"அவுகளா? என்னன்னு?"

"பானுப்பிரியா அவர்களேன்னு. எந்திரிச்சு நின்னு கைதட்டுனாக. வாசலப் பாத்துக்கிட்டே நின்னாக, அவ வருவான்னு."

வெளியே மிச்சமிருந்த தீபாவளி வெடியை யாரோ கொளுத்தினார்கள். அது புஸ் என்று போனது.

"அவள ஒருத்தரும் அவர்களேன்னு கூப்பிட்டதில்லையே" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தவை இவ்வளவுதான்.

அந்த ஆண்டின் அறிக்கையில் வெள்ளி விழா அசம்பாவிதம் எதுவுமின்றி நடந்தது என்று லட்சுமிகாந்தம் வாசித்தார். அவர் இப்போதும் செயலாளர். விழாப் படத்தை மன்றம் நாட்காட்டியாக அச்சடித்தது. அது சாபிரின் வாப்பா முகம்மது நூகுவின் கடைக்கும் வந்தது. வெள்ளை வேட்டியில், பெரிய மனிதர்கள் நடுவே நிற்கும் மகனைப் பார்த்து அவர் மகிழ்ந்தார். வருடம் முடிந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. சாபிர் கிடாரை விற்றுவிட்டு மெஷினை மட்டும் ஓட்டுகிறான். ஊர்க்காவலன் இருக்கன்குடி கோயில் திருவிழாக்களில் மேளம் அடிக்கிறான். முடி முன்பக்கம் கொட்டிவிட்டது. பிரபாகரனை மன்றத்தில் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவனை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அவனாகவே நின்றுகொண்டான். இப்போது சாத்தூரில் ஒரு ஓட்டலில் இருக்கிறான். அவன் குரல் பழையபடி திரும்பவில்லை. உராய்வு மறுபடி எங்கும் பாடவில்லை. சீனிவாசகம் இன்னொரு கம்பெனி திறந்தார். ஆண்டிச்சாமி அதில் சேரவில்லை.

பொன்னாடையைச் சீனிவாசகம் எப்போதும்போல நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் ஆண்டிச்சாமி அதைக் கொண்டுவந்து முருகம்மாளிடம் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. அது இப்போது அவள் வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்குகிறது. வெயிலை மறைக்காது. அவ்வளவு மெல்லிசு.

பானுப்பிரியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஆக வேண்டியது முன்பே ஆகியிருந்தது.